டாக்டர் குனிந்துகொண்டு சொன்னது

இப்படி எனக்கு எதுத்தாப்புல உக்காருங்க தம்பி. அந்த பெஞ்சுல ஆணி நீட்டிக்கிட்டு நிக்குது, பேண்ட்டு கிழிஞ்சு போயிரும். இங்க நல்லா வெளிச்சமும் விழுகுது. எனக்கு ஒருத்தரு மொகத்தப் பாத்துப் பேசுனாத்தான் பேசுனாப்புல இருக்கும். பக்கத்துல உக்காந்துக்கிட்டு செவுத்தப் பாத்துப் பேசறதெல்லாம் ஒரு பேச்சுங்களா?

உங்கப்பாவுக்குத்தானுங்களே வந்திருக்கீங்க? சக்கர நாற்காலியில வெச்சு எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போனதப் பாத்தனுங்க. வந்துருவாரு. அங்க கூட்டம் நெம்ப இருக்குது. வந்துருவாரு, கவலைப்படாதீங்க.

நான் காதுக்கு வந்தனுங்க. பேரு அர்த்தநாரி, பள்ளிபாளையம் பக்கம். இருவத்தெட்டு வருசமா விசைத்தறி ஓட்டறேன். ஓட்டுனேன்னு சொல்லோணும். இப்ப அஞ்சு மாசமா சும்மாதான் உக்காந்திருக்கறேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கேக்கறேன், சித்தெ பொறுங்க. நீங்க பதில் சொல்றதுக்கு முன்னால நான் முழுசாச் சொல்லிப்போடறேன். இல்லீன்னா இவன் என்ன கிறுக்கனான்னு நெனச்சுப்போடுவீங்க. எங்கூட்டுக்காரி துளசி டீ வாங்கப் போயிருக்கறா. அவ வர்றதுக்குள்ள சொல்லோணும்.

கொஞ்ச நாளா காது மந்தமுங்க. கொஞ்ச நாளுன்னா ஒரு பத்து வருசம். காது கேக்காதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற அட்டை வாங்கலாம்னு வந்தது. செவுடு நாப்பது பர்சன்ட்டுக்கு மேலன்னு எழுதிப் போட்டாங்கன்னா அட்டை குடுப்பாங்க, அட்டைய வெச்சு காது மெஷினு குடுப்பாங்க. மெஷின மாட்டிக்கிட்டு வந்தா நூல் குடோன்ல வேலை தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்கறாரு. மெஷினு இல்லாம பட்டறைக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாதாம். அதுவும் எங்கிட்டச் சொல்லலீங்க. ஆபீஸ் கண்ணாடிக்கு உள்ள உக்காந்து கணக்குப்பிள்ளைகிட்டச் சொன்னாரு. நான் வெளிய நின்னு வாயப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆமாங்க, வாயப் பாத்து. தறிப் பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா? எட்டுத் தறி ஓடுச்சுன்னா பக்கத்துல நின்னு கத்துனாலும் ஒண்ணும் கேக்காது. நாங்க எல்லாருமே அங்க வாயப் பாத்து, தோளப் பாத்து, கண்ணப் பாத்துத்தான் பேசிக்குவோம். ஒருத்தன் தோள் இப்படி எறங்குச்சுன்னா தார் தீந்துபோச்சு, நூல் கண்டு மாத்தோணும்னு அர்த்தம். தலைய இப்படி வெட்டுனான்னா மொதலாளி வர்றாரு. பட்டறைக்குள்ள காது எதுக்குங்க? வேண்டியதே இல்ல. அதனாலதான் அது எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு.

வெளியதான் கஷ்டம். ஆனா ஒருத்தருகிட்டயும் நான் சொல்லிக்கலீங்க. யாராச்சும் என்னமோ சொன்னா தலைய ஆட்டிருவேன், இல்லீன்னா சிரிச்சு வெப்பேன். முக்காவாசி நேரம் அது போதும். ஒருக்கா முடி வெட்டறவரு என்னமோ கேட்டாரு. தலைய ஆட்டுனேன். மீசைய எடுத்துப்போட்டாரு. கண்ணாடியப் பாத்தா எனக்கே என்னையத் தெரியலே. ஊட்டுக்குப் போயி, நாந்தான் எடுக்கச் சொன்னேன், வெயிலுக்கு இதுதான் வாகுன்னு சொன்னேன். ரண்டு மாசம் மீசையில்லாமத் திரிஞ்சேன். என்ன சொன்னீங்கன்னு இன்னொருக்கா கேக்கறதுக்கு மீசை போனாப் போகட்டும், என்னங்க?

இன்னொண்ணும் கண்டுபிடிச்சு வெச்சிருக்கறேன். நானே பேசிக்கிட்டிருந்தா அடுத்தவங்க பேசறதக் கேக்க வேண்டியதில்ல. நான் முன்னயெல்லாம் இவ்வளவு பேசற ஆளில்லீங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். எங்க பட்டறை மாரப்பன் போன வருசமே அட்டை வாங்கிட்டான். அறுவது பர்சன்ட்டு. அதென்னமோ பத்தாம் வகுப்புல அறுவது வாங்குனவனாட்ட நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிவான். அவந்தான் எனக்கு வாத்தியாரு. பத்து நாளா தெனமும் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவான். "மாமா, பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஒடனே எந்திரிச்சுப் போயிராதே. மூணாவது தடவை துளசியக்கா தொட்டுச் சொன்னப்பறம் எந்திரி." "டாக்டரு பின்னால நின்னு கை தட்டுவாரு. திரும்பாதே." "சவரம் பண்ணிக்காதே." "இஸ்திரி போட்ட சட்டை ஆகாது."

எனக்கு என்னமோ போல ஆயிப்போச்சுங்க. இருக்கற செவுட்டுக்கு வேசம் வேற கட்டோணுமா? அட, பொய் சொல்லப் போறதில்ல, நெசத்தத்தான் சொல்லப் போறோம். ஆனா அதுக்கு ஒத்திகை பாக்கறப்ப பொய் சொல்லப் போறாப்புலயே இருந்துச்சு.

ஒத்திகையின்னா நெசமாலுமே ஒத்திகைதானுங்க. மாரப்பன் கட்டில்ல உக்காந்து டாக்டரு. நான் முக்காலியில. எங்கூட்டுக்காரி துளசிமணி எனக்குப் பின்னால நின்னு சோத்து வட்டலக் கீழ போடோணும். நான் திரும்பக் கூடாது. போட்டியா, போட்டியான்னு நான் கேக்கறேன். மாரப்பன் சிரிக்கறான். மூணு வட்டலும் ஒரு சொம்பும் போட்டுட்டாளாம். பக்கத்தூட்டுக்காரங்க என்ன சண்டையோன்னு எட்டிப் பாத்துட்டாங்க. "மாமா, உனக்கு டியூசனே வேண்டாம், அப்படியே போ, நீ நூத்துக்கு நூறு"ன்னான் மாரப்பன். நானும் சிரிச்சேன். துளசி சிரிக்கலே. சொம்பு நெளிஞ்சு போச்சுன்னு எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அந்தப் பத்து நாளும் இதே வேலைதானுங்க. ரேசன் அட்டை, ஆதாரு, போட்டோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, எடுத்து, மறுக்கா போட்டு. போட்டோவுக்கு என்ன மொகம் வெக்கறதுன்னு தெரியலே. சிரிச்சா காது கேக்கறவனாட்டத் தெரியுமோ? போட்டோக்காரன் திட்டிப்போட்டான். இன்னொண்ணு, ஊருக்குள்ள எவனுக்கும் தெரியக்கூடாதுன்னு இருந்துச்சு. எங்க போறேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சர்க்கரை பாக்கப் போறேன்னு சொன்னேன். இன்னிக்குக் காலையில பஸ் ஏறறப்பக்கூட சொந்தக்கார ஒறம்பரை ஒருத்தரப் பாத்துட்டு, துளசிய விட்டுப்போட்டுப் பின்னால போயி நின்னுக்கிட்டேன்.

துளசி இஸ்திரி போட்ட சட்டைய எடுத்து வெச்சா. மாரப்பன் சொன்னானேன்னேன். "அவன் கெடக்கறான். நாலு பேரு முன்னால போறீங்க, நல்லாப் போங்க"ன்னா. அவ அப்படித்தானுங்க. என்னைய எங்கயும் கொறைவா நிக்க உடமாட்டா. கடையில, பேங்குல, கல்யாணத்துல, என்னைய யாராச்சும் கேட்டா அவ பதில் சொல்லிருவா. "இவரு யோசனையில இருக்கறாரு"ம்பா.

இங்க வந்து டோக்கன் போட்டு, கண்ணாடி ரூம்புக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு, நல்ல பொண்ணுங்க, மொகத்தப் பாத்து மெதுவாத்தான் பேசுச்சு. தலையில எதையோ மாட்டி உட்டுச்சு. "ஐயா, சத்தம் கேட்டா கையத் தூக்குங்க. சின்னச் சத்தமா இருந்தாலும் தூக்குங்க"ன்னுச்சு. துளசிய வெளிய இருக்கச் சொல்லிட்டாங்க. பொண்ணு கண்ணாடிக்கு அக்கட்டப் போயி மெஷின் முன்னால உக்காந்துச்சு.

நான் சொல்றத நம்போணும் தம்பி. நான் வேணும்னு பண்ணலே.

அந்தப் பொண்ணு பட்டனை அமுத்தறப்ப வலது தோள் ஒரு நெல்லு அளவு எறங்குதுங்க. வேற எவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியுது. இருவத்தெட்டு வருசம் தோளப் பாத்துப் பொழச்சவனுக்குத் தெரியாம இருக்குமா? தோள் எறங்குச்சு, எங் கை தூக்கிருச்சு. காதுக்குள்ள ஒண்ணுமில்ல. கெணத்துக்குள்ள உக்காந்தாப்புல இருக்குது. ஆனா தோள் எறங்குது, கை போகுது. தூக்காதடா, தூக்காதடான்னு மனசு அடிச்சுக்குது. கண்ண மூடிக்கிட்டாப் போதும். அந்த நேரம் பத்து நாளு ஒத்திகை எங்க போச்சுன்னு தெரியலே.

ஏன் கண்ண மூடலேன்னு கேப்பீங்க. சொல்றேன். நாலஞ்சு தடவை தூக்குனதும் அந்தப் பொண்ணு கண்ணாடி வழியாப் பாத்துச் சிரிச்சு, கட்ட வெரலத் தூக்கிக் காட்டுச்சு. ‘சூப்பருங்க ஐயா’ன்னு வாய் சொல்லுச்சு. எனக்கு அத்தன சந்தோசமாப் போச்சு தம்பி. சொல்லக் கேவலமாத்தான் இருக்குது. எனக்கு நல்லாக் கேக்குதுன்னு ஒருத்தரு சொல்லி எத்தன வருசமாச்சு. அந்த அஞ்சு நிமிசம் நான் காது கேக்கற மனுசனா இருந்தேன். பள்ளிக்கூடத்துல காப்பியடிச்சு மொத மார்க்கு வாங்குனவனாட்ட உக்காந்திருந்தேன்.

அப்பறம் டாக்டருகிட்ட. அங்கதான் எனக்கு அடுத்தாப்புல நீங்க உங்கப்பாவ வெச்சுக்கிட்டு நின்னீங்க. டாக்டரு அந்தக் காயிதத்தப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. "பன்னண்டு பர்சன்ட்"னாரு. அது வரைக்கும் தெரிஞ்சுது. நேரா மொகத்தப் பாத்துத்தான் சொன்னாரு. அதுக்கு மேல குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டாரு. எழுதிக்கிட்டே பேசறாரு. தாடை அசையுது, வாய் தெரியலே. தலை வகிடுதான் தெரியுது. நெம்ப நேரம் பேசுனாரு. நடுவுல ஒருக்கா பேனாவ நிறுத்துனாரு, அப்பவும் நிமிரலே.

நான் "செரிங்க சார்"ன்னேன்.

நிமிந்து பாத்தாரு. நான் ஏதோ செய்யோணும்னு காத்துக்கிட்டிருக்கற மாதிரி பாத்தாரு. நான் கும்பிட்டுப்போட்டு வெளிய வந்துட்டேன்.

துளசி ஓடியாந்து என்ன சொன்னாருன்னு கேட்டா. உக்காரச் சொன்னாருன்னேன். உக்காந்தோம். ஒரு மணி நேரமா உக்காந்திருக்கறோம். எதுக்கு உக்காந்திருக்கறோம்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போகச் சொன்னாரோ என்னமோ.

அட்டை இல்லைன்னு ஆயிப்போச்சு. அத அவகிட்டச் சொல்லிரலாமுங்க. ஏன் இல்லைன்னு சொல்றதுதான் எப்படின்னு தெரியலே. ஒருத்தி அத்தன வட்டலக் கீழ போட்டிருக்கறா.

அவ கையப் பாத்திருப்பீங்க. நீங்களும் பாத்தீங்க, நான் கவனிச்சேன். வலது கையில ரண்டு வெரலு இல்ல. ஆடி மாசம் நடந்துச்சுங்க. அவளும் எங்க பட்டறையிலதான் தார் சுத்திக்கிட்டிருந்தா. எந் தறிக்குப் பின்னால அஞ்சடியில அவ மெஷினு. சேலை முந்தி பெல்ட்டுல மாட்டி இழுத்துருச்சு. எடுக்கறதுக்குக் கைய உட்டிருக்கறா. நான் அறுந்த இழையக் கட்டிக்கிட்டு அக்கட்டத் திரும்பி நின்னேன். பட்டறைச் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்? யாருக்கும் கேக்காது. அதுவுமில்லாம அவ கத்தவே இல்ல. அவளேதான் சொன்னா. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா கேட்டப்ப, மொதலாளி கேட்டப்ப, எங்க அம்மாப் பக்கத்து ஒறம்பரையெல்லாம் வந்து கேட்டப்ப, எல்லாருகிட்டயும் அதையேதான் சொன்னா. "பயத்துல சத்தமே வரலீங்க. இவருக்கு எப்படித் தெரியும்?"

நானும் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனேன்.

மாரப்பந்தான் ஓடியாந்து மெயின் சுவிட்ச நிறுத்துனான். அவன் ஆறாவது தறி. நடுவுல தறியில கட்டுன பாவு நூலு மறைக்கும், அங்கிருந்து பாத்தா அவ மெஷினு தெரியாது. எப்படி ஓடியாந்தான்னு நான் அவங்கிட்டக் கேக்கலே. இத்தன நாளா தெனமும் சாயங்காலம் ஊட்டுக்கு வாரான், டீ குடிக்கறான், நான் கேக்கலே. அவனுக்கும் மந்தந்தான், அறுவது பர்சன்ட்டு. அப்படியும் ஓடியாந்தானே.

செரி, அத உடுங்க.

நான் கேக்கோணும்னு சொன்னது இதுதான். கேக்கறதுக்கு வாய் வரமாட்டேங்குது பாருங்க. ஒரு மணி நேரமா உங்களப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறேன். நீங்க ரண்டு தடவை என்னமோ சொல்ல வந்தீங்க, நாந்தான் பேசி அமுத்திப்போட்டேன். டாக்டரு குனிஞ்சுக்கிட்டு என்ன சொன்னாரு? உங்களுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேக்கலீங்க. எனக்குக் காது கேக்காது தம்பி. மெதுவாச் சொல்லுங்க, வாயக் கையால மறைக்காமச் சொல்லுங்க.

ம்.

தறிக்காரங்க வந்தாலே? தறிக்காரங்க வந்தாலே இதே தொல்லையின்னாரா.

தோளப் பாத்துத்தான் கையத் தூக்கியிருக்கறேன்னு அவருக்குத் தெரியுமா? எல்லாத் தறிக்காரங்களும் இதையே பண்றாங்களா? நான் ஒருத்தந்தான்னு நெனச்சேன்.

இன்னொருக்கா சொல்லுங்க. கை தூக்க வேண்டாத டெஸ்ட்டு. தலையில ஒயர ஒட்டிப் படுக்க வெச்சுப் பாக்கறது. அதுக்கு எழுதித் தாரேன்னாரு. செரி. அதுக்கு முன்னால? ஊட்டுக்காரம்மாவ? ஊட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு மத்தியானம் ஒரு மணிக்குள்ள உள்ள வரோணும். ஊட்டுல எனக்கு எப்படிக் கேக்குதுன்னு அவகிட்டக் கேட்டு எழுதோணுமாம்.

அவகிட்டயா.

அதுக்குத்தான் நான் செரிங்க சார்ன்னு சொல்லிப்போட்டு வந்து இங்க உக்காந்திருக்கறேனா? அவ டீக்குப் போனப்பறம் பேரு சொல்லியும் ரண்டு தடவை கூப்பிட்டாங்களா? அதத்தான் சொல்ல வந்தீங்களா? மணி என்னங்க இப்ப? பன்னண்டே முக்காலா.

அவ நல்லாக் கேக்குமுன்னு சொல்லிருவா தம்பி. உங்களுக்கு அவளத் தெரியாது. டாக்டரு கேட்டதும் ஒரே வார்த்தையில, இவருக்கு நல்லாக் கேக்குமுங்க, யோசனையில இருப்பாருன்னு சொல்லிருவா. எனக்காகச் சொல்றதா நெனச்சுக்குவா. அஞ்சு மாசமா அதையே சொல்லிப் பழகிட்டா.

அதா வர்றா. டீய எடது கையில புடிச்சுக்கிட்டு வர்றா பாருங்க. நீங்க கொஞ்சம் எந்திரிச்சு அக்கட்டப் போறீங்களா? இல்ல வேண்டாம், இருங்க. நீங்க இருந்தாத்தான் நான் சொல்லுவேன். போயிட்டீங்கன்னா மறுக்கா சிரிச்சு வெச்சிருவேன்.

துளசி. டீயக் கீழ வெய்யி புள்ள. அப்பறம் குடிக்கலாம். டாக்டரு உன்னைய உள்ள கூப்பிடறாரு. ஆமா, உன்னையத்தான். அப்பவே சொன்னாரு, எனக்குத் தெரியலே. இந்தத் தம்பி இப்பத்தான் சொல்லுச்சு. எனக்கு எப்படிக் கேக்குதுன்னு உங்கிட்டக் கேப்பாரு. நல்லாக் கேக்குமுன்னு சொல்லிப்போடாதே. என்னைய எதுத்துப் பேசாதே, கேளு. ஆடி மாசம் நீ கத்துனே. மாமா மாமான்னு கத்துனே, பட்டறை முச்சூடும் கேட்டுது. மாரப்பன் சொல்லலே, யாரும் சொல்லலே, எனக்கே தெரியும். அஞ்சடியில நின்ன எனக்கு மட்டுந்தான் கேக்கலே. அத அப்படியே டாக்டருகிட்டச் சொல்லு.

ஏன் அக்கட்டத் திரும்பிக்கறே? இப்படித் திரும்பு துளசி. நீ என்னமோ சொல்றே, எனக்குத் தெரியலே.